தாத்தாவின் துப்பாக்கி யாருக்கு?

போன மாசம் எனக்கு 21 முடிந்தது. ஊரிலிருந்து தாத்தா போன் பண்ணினார். வாழ்த்து சொல்லுவார், ஐநூறு ரூபாய் அனுப்புறேன்னு சொல்லுவார் என்று பார்த்தால், "டேய், இருபத்தொண்ணு ஆயிடுச்சில்ல? துப்பாக்கிய உன் பேருக்கு மாத்திடலாமா?" என்றார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பி.காம் படிக்கிற பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகத் துப்பாக்கி!

அப்புறம்தான் புரிந்தது. ஆயுதச் சட்டப்படி 21 வயது ஆகாதவர் பெயரில் உரிமம் கிடையாது (துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு). உரிமக்காரருக்கு 70 வயது தாண்டினாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. தாத்தா இரண்டிலும் பாஸ். அப்பாவுக்கு அதில் இஷ்டம் இல்லை. சித்தப்பாவுக்கு ஆசை உண்டு, ஆனால் தாத்தாவுக்கு அவர் கோபத்தின் மேல் பயம். ஆக, பந்து என் பக்கம்.

அது ஒரு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற ரகம். மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் கொல்லியில் வேர்க்கடலையைக் காப்பாற்ற வாங்கியது. நான் பார்த்து அது வெடித்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும், ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்ப எடுத்து வருவதும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஓட்டுப் போடாதவர்கள்கூட உண்டு, துப்பாக்கி மட்டும் ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை :)

கிளாசில் சொன்னேன். அவ்வளவுதான், கேண்டீனில் ஒரு மணி நேரம் பட்டிமன்றம். "மச்சி, லீவுக்கு உங்க ஊரு ஏரிக்குப் போயி நாலு கொக்கு சுடலாம்" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் கொஞ்சம் படித்தவன். "அமெரிக்காவுல வேட்டைக்காரங்க கட்டுற காசுலதான் காடே வாழுது. நம்ம ஊர்லயும் கிளப் வெச்சு, லைசென்ஸ் குடுத்து, ஃபீஸ் வாங்கினா மிருகமும் இருக்கும், கஜானாவும் நிறையும்" என்றான். மேஜையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. இரண்டு வாரம் தேடிப் படித்தேன். படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் சொன்னது முழுப் பொய் இல்லை. அமெரிக்காவில் 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கென்றே மாநிலங்களுக்குப் போகிறது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் ஊட்டியிலேயே கதை இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார்கள் நீலகிரியில் கண்டபடி சுட்டுத் தள்ளியதில் வரையாடும் கடமானும் குறைந்துபோயின. சுட்டவர்களே பயந்துபோய் 1877-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், நீலகிரி கேம் அசோசியேஷன். இரண்டே வருஷத்தில், 1879-ல், மெட்ராஸ் அரசு நீலகிரிக்கென்று தனியாக ஒரு வேட்டைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் வந்தது, கட்டணம் வந்தது, சுடக்கூடாத பருவம் வந்தது. அந்தப் பக்கம் மூணாறில் டீ எஸ்டேட் துரைமார்கள் வைத்த சங்கம்தான் இரவிகுளம் மலையைக் காத்து வந்தது. அது 1975-ல் சரணாலயம் ஆகி, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. இன்றைக்கும் வரையாடுகள் கூட்டமாக இருக்கிற இடம் அதுதான்.

ஊட்டிச் சங்கம் இன்றும் இருக்கிறது. பெயரில் 'வேட்டை' போய் 'வனவிலங்கு, சுற்றுச்சூழல்' வந்துவிட்டது. அதோடு சேர்ந்து வேலை செய்த இ.ஆர்.சி. டேவிதார் ஒரு வக்கீல். வேட்டையாடிப் பழகி, பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்தவர். 1975-ல் வரையாடுகளை எண்ணி ஆய்வு செய்தார். அவர் நினைவாகத்தான் தமிழக அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாக அறிவித்தது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள்.

ஆக, கிளப்காரர்கள் நல்லது செய்திருக்கிறார்கள். அதை மறுத்தால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

ஆனால் எந்தக் கணக்கையும் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் சார் சொல்லுவார். அந்தச் சட்டத்தில் கட்டணம் கட்டிச் சுடுகிற துரை 'ஸ்போர்ட்ஸ்மேன்' ஆனார். அதே மலையில் பசிக்குக் கண்ணி வைத்தவன் 'திருடன்' ஆனான். விலங்கு காப்பாற்றப்பட்டது உண்மை. யாருக்காக என்பதுதான் கேள்வி. அடுத்த சீசனில் துரைமார் சுடுவதற்காக. அந்தச் சட்டத்துக்கு ஒரு வருஷம் முன்னால், 1878-ல், லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்கக்கூடாது என்றது. வெள்ளையருக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்தக் காலத்துக் கிளப் எந்த மண்ணில் முளைத்தது என்பது இப்போது புரிகிறதா?

இதே விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக் கதை வேறு மாதிரி. காட்டாங்குளத்தூரில் மின்சார ரயில் ஏறி செங்கல்பட்டு போய், அங்கிருந்து பஸ் பிடித்தால் வேடந்தாங்கல். 1790-களில் அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் இறங்கிப் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் நேராகக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்கள் பக்கம் நின்று, இங்கே சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஊட்டிக் கிளப்புக்கு எண்பது வருஷம் முந்தைய சமாச்சாரம் இது! அந்த ஊர் மக்களுக்குக் கிளப்பும் இல்லை, சந்தாவும் இல்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்ற விவசாயக் கணக்கும், நம்பி வந்த உயிரை அடிக்கக்கூடாது என்ற எண்ணமும் இருந்தன. அவ்வளவுதான்.

சரி, இன்றைய சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் பெரிய வேடிக்கை.

1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில், பாதுகாப்புக்கும் 'விளையாட்டுக்கும்' நீளக்குழல் துப்பாக்கி, பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி என்று இன்னமும் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் விளையாட்டு என்றால் வேட்டையும் சேர்த்திதான். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் முதலில் உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. தாத்தா வாலிபத்தில் கௌதாரி, முயல் என்று அலைந்த கதையெல்லாம் அந்தக் காலம். 1991 திருத்தம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அதற்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்பது இந்தியாவில் கிடையாது. பொறி வைத்தாலும் வேட்டை, கூட்டிலிருந்து முட்டை எடுத்தாலும் வேட்டை. உயிர் தப்பிக்க நல்லெண்ணத்தில் கொன்றால் மட்டும் குற்றம் இல்லை.

கொக்கு சுடலாம் என்ற நண்பனுக்கு: ஜெயில் மச்சி, ஜெயில். அதுவும் எங்கள் ஊர் வேடந்தாங்கலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வனத்துறையிலும் பதிய வேண்டும், புது உரிமத்துக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது 34-ஆம் பிரிவு.

ஆக ஒரு சட்டம் 'பயிரைக் காக்க வைத்துக்கொள்' என்கிறது. இன்னொரு சட்டம் 'சுட்டால் உள்ளே போவாய்' என்கிறது. தாத்தா நடுவில் நின்று எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இதில் உண்மையாக அடிபட்டவர்கள் யார் தெரியுமா? மாளிகைச் சுவரில் புலித்தலை மாட்டியவர்கள் அல்ல. அவர்கள் உரிமைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மாட்டியபடியே விட்டுவிட்டார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் ஊசி, பாசிமணி விற்கிற நரிக்குறவர்கள்தான் அடிபட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று. பதிலுக்கு என்ன தொழில் கொடுத்தோம்? அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் வரை ஆனது.

இருளர்கள் கதையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். பாம்புத் தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்புப் போனது. 1978-ல் ராமுலஸ் விட்டேகர் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வடநெம்மேலியில் இருக்கிறது, ஈசிஆரில் போகும்போது பார்த்திருப்பீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமத்தோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. 2023-ல் இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ. தடை போட்ட கையோடு ஒரு வேலையையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இனி சித்தப்பா. இதைப் படித்தால் அவர், "உனக்கென்னப்பா, ஹாஸ்டல்ல ஃபேனுக்கு அடியில உக்காந்துகினு எழுதுற. ராத்திரி வந்து பாரு, பன்னி எப்படி உழுதுட்டுப் போவுதுன்னு" என்பார். நியாயம். ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் வேர்க்கடலையைக் காட்டுப்பன்றி புரட்டிப்போட்டதை நானே பார்த்திருக்கிறேன். சித்தி வரப்பில் உட்கார்ந்து அழுததையும் பார்த்திருக்கிறேன். காட்டுப்பன்றியும் பாதுகாப்பு அட்டவணையில் இருக்கிற விலங்குதான். விவசாயி என்ன செய்வான்? சிலர் திருட்டுக் கரண்ட் வேலி போடுகிறார்கள், சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அதில் பன்றியோடு யானையும் சாகிறது, பக்கத்துக் கொல்லிக்காரரும் சாகிறார்.

கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவு போட்டு, உரிமம் உள்ளவர்களை வைத்துப் பன்றியைச் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாடு வந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை கை வைக்கக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். விவசாயி தானே சுட முடியாது.

எனக்கு இது சரியென்றே படுகிறது. ஒரு நிபந்தனை, கூப்பிட்டால் ஆள் வர வேண்டும். மனுக் கொடுத்துப் பயிர் அறுவடையான பிறகு வந்தால் அந்த உத்தரவு எதற்கு? பயிர்ச் சேதத்துக்குப் பணமும் அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் அவுட்டுக்காய் வைக்க யாருக்கும் மனசு வராது.

அமெரிக்கா மாதிரி கிளப் வைக்கலாம் என்ற நண்பனுக்கு என் பதில் இதுதான். அங்கே மனிதர் குறைவு, நிலம் அதிகம். சுடுவதற்கு முன் எண்ணிக்கை எடுக்க ஆள் உண்டு, சுட்ட பிறகு சரிபார்க்கவும் ஆள் உண்டு. இங்கே காப்புக்காட்டு ஓரத்திலேயே ஊர். தவறிப் போகிற குண்டு மரத்தில் படாது, மாடு மேய்க்கிறவர் மேல் படும். அதோடு, கட்டணம் வைத்துத் திறந்தால் முதலில் உள்ளே வருபவர் பணக்காரர். நரிக்குறவருக்கு மூடிய கதவை ஜீப்காரருக்குத் திறப்பதா? 1879-க்கே திரும்பிப் போவதா? குறி பார்த்துச் சுடும் ஆசை இருந்தால் ரைஃபிள் கிளப் இருக்கிறது, காகித வட்டத்தைச் சுடு. மெடல் வாங்கினால் கைதட்ட முதல் ஆளாக நான் வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். திண்ணையில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, எனக்கு வேணாம். ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பயமாடா?" என்றார். "இல்ல தாத்தா. வெச்சிருந்து என்ன பண்றது?" என்றேன்.

"நானும் முப்பது வருஷமா அதத்தான் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் மெதுவாக, "அடுத்த எலக்‌ஷனுக்குக் கொண்டுபோய்க் குடுப்பேன்ல, அப்போ திருப்பி வாங்காம வந்துடறேன். தனியா எடுத்துட்டுப் போனா ஊர்ல என்னமோ ஏதோன்னு கேப்பானுங்க" என்றார்.

சித்தப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

டிஸ்கி: நான் சட்டம் படிக்கிறவன் இல்லை, பி.காம்தான். உங்கள் வீட்டில் இப்படி ஒரு துப்பாக்கி இருந்தால் என்னை நம்பாமல் கலெக்டர் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். கொக்கு சுடக் கூப்பிட்ட நண்பனை நவம்பரில் வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போகிறேன். பைனாகுலர் இரவல் கிடைத்தால் சொல்லுங்கள் :)