மூணு வருஷத்துக் கருப்பட்டி

போன வாரம் உடன்குடி பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா வீட்டு அடுப்படியில், விறகடுப்புக்கு மேலே பரணில் ஓர் ஓலைக் கொட்டான் இருந்தது. புகை படிந்து கறுத்துப் போயிருந்த அதற்குள் மூன்று வருடத்துக்கு முந்தைய கருப்பட்டி, ஐந்தே ஐந்து.

“உங்க பெரியப்பா கடைசியா ஏறின வருஷத்துல காய்ச்சினது. திறக்கவே மனசு வரலட்டி” என்றார் பெரியம்மா.

பெரியப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. அண்ணன்கள் இரண்டு பேரும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா உள்ளே திரும்பிச் சொன்னார்: “பாத்துக்கிட்டு இருக்கதுக்கா காய்ச்சினேன்? திங்கதுக்குத்தான். ஒடைட்டி!”

கருப்பட்டியின் கதையே நேரத்தோடு நடக்கும் ஓட்டப்பந்தயம்தான். பனம்பாளையைச் சீவினால் சொட்டும் சாறு, சும்மா விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிக்காது, அது பதநீர். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆக, சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்பது கொஞ்சம் சுண்ணாம்பு!

அந்தப் பதநீரையும் நாள் கணக்கில் வைக்க முடியாது. இறக்கிய அன்றே விடிலியில் காய்ச்சி, பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிவிட வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அதற்காகக் காலையும் மாலையும் மரம் ஏறி இறங்க வேண்டும்.

கெடாமல் வைக்க ஏதோ ஒன்றைச் சேர்ப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஹாட்சன் என்பவரின் ஆலையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் பீர் பீப்பாய்கள் வந்தன. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர மாதக்கணக்கில் ஆகும். வெயிலையும் கடலையும் தாங்க வேண்டுமென்று ‘ஹாப்ஸ்’ என்ற கசப்புப் பூவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ‘இந்தியா பேல் ஏல்’ என்று இன்றும் நம் நாட்டின் பெயரோடு விற்பது அந்த வகைதான். அதை வருடக்கணக்கில் வைத்தால் பூவின் வாசனை போய், கசப்பு தணிந்து, தானியத்தின் இனிப்பு மேலே வருமாம். அங்கே கசப்பு அடங்குகிறது. கருப்பட்டியில் எது அடங்கும்?

பார்த்துவிடுவோம் என்று, கடைத்தெருவில் இந்த வருடத்துக் கருப்பட்டி ஒன்று வாங்கி வந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து உடைத்தோம்.

புதுசு தேன் நிறம். முகர்ந்தால் பதநீர் வாசம். நாக்கில் வைத்ததும் இனிப்பு பளிச்சென்று வந்தது. அடியில் லேசான உப்புச் சுவை.

பழசு லேசில் உடையவில்லை. பெரியம்மா அம்மிக் குழவியால் தட்டினார். ஏறக்குறைய கறுப்பு நிறம். முதலில் புகை வாசம்; இனிப்பு மெதுவாகத்தான் வந்தது. விழுங்கிய பிறகு, வறுத்த காப்பிக்கொட்டை போல ஒரு சின்னக் கசப்பு தொண்டையில் நின்றது. என் பத்து வயது மகள் இரண்டையும் தின்றுவிட்டு, “புதுசுதாம்மா நல்லாருக்கு” என்றாள். எனக்குப் பழசு. சுக்கு தட்டிப் போட்ட காப்பியில் அது இன்னும் எடுப்பாக இருந்தது.

பெரியப்பா ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பங்குனியில காய்ச்சினது” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிக்கிறார்.

பழசு என்றாலே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஐந்தில் ஒன்று ஐப்பசி மழை ஈரத்தில் கசிந்து, புளித்த வாடையோடு பூசணம் பிடித்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டோம். கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் நம் ஆச்சிமார் அடுப்புக்கு மேலே, சூடும் புகையும் படுகிற இடத்தில் வைத்தார்கள். கேஸ் அடுப்பு வீட்டில் நன்றாக உலர்ந்த, இறுக்கமாக மூடும் டப்பா போதும். ஈரக்கை படக் கூடாது. இன்னொன்று: புதுசோ பழசோ, கருப்பட்டியும் இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவை மறக்க வேண்டாம்.

கிளம்பும்போது தோட்டத்துப் பக்கம் போனேன். ஏறுகிற பனைக்கும் ஏறாத பனைக்கும் வித்தியாசம் தூரத்திலேயே தெரியும். ஆள் ஏறும் மரம் கழுத்தில் சுத்தமாக இருக்கும். பெரியப்பாவின் பனைகளில் காய்ந்த ஓலைகள் சுற்றிலும் தொங்கிக்கொண்டிருந்தன. மரத்துக்கு ஒன்றும் குறையில்லை, பாளையும் விட்டிருந்தது. சீவத்தான் ஆளில்லை.

“ஏறத் தெரிஞ்ச பையன் எவனாவது வந்தான்னா சொல்லு. குத்தகை கூட வேண்டாம், வீட்டுக்குக் கருப்பட்டி தந்தா போதும்” என்றார் பெரியப்பா.

மிச்சமிருந்த மூன்றில் ஒன்றைப் பெரியம்மா காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தார். பத்திரமாக எடுத்து வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரியப்பா சொன்னது ஞாபகம் வந்தது. இன்று காலைக் காப்பிக்குப் பாதியை உடைத்துவிட்டேன்.