அஞ்சவேண்டிய மாத்திரை எது? சிறுநீரக நோயும் மருந்துப் பயன்பாடும்

2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, சிறுநீரக நலம் குறித்துத் தனித் தீர்மானம் ஒன்றை முதன்முறையாக நிறைவேற்றியது. இதயநோய், சர்க்கரை நோய் ஆகியவற்றின் துணைப்பேச்சாகவே இதுவரை இருந்துவந்த சிறுநீரக நோய்க்கு, தொற்றா நோய்களின் வரிசையில் தனி இடம் அதன்வழிக் கிடைத்தது. தமிழ்நாட்டில் இத்திசையிலான பணி சற்று முன்னரே தொடங்கிவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்படுகின்றன. 2023 ஜூலையில் தொடங்கிய ‘சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்’, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதனைப் பட்டை கொண்டு பார்க்க வழிசெய்தது.

முன்பெல்லாம் கால்வீக்கமும் மூச்சுத்திணறலும் வந்த பிறகே தெரியவந்த நோய், இப்போது எவ்விதத் தொல்லையும் இல்லாத நிலையிலேயே பலருக்குத் தெரியவருகிறது. இது நல்ல மாற்றம். எனினும், நோய் தெரிந்த பின் வீட்டில் நடப்பது பெரும்பாலும் வேறு. “மாத்திரை நிறையச் சாப்பிட்டால் கிட்னி போய்விடும்” என்ற பேச்சு நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதைக் கேட்டு நோயாளர் முதலில் நிறுத்துவது இரத்த அழுத்த மாத்திரையை. மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கும் மாத்திரையோ தொடர்கிறது. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தின் மீது அச்சமும், கெடுக்கும் மருந்தின் மீது நம்பிக்கையுமாக நிலைமை தலைகீழாக இருக்கிறது. தொடக்க நிலையில் கண்டறிவதால் கிடைக்கும் பயனைப் பெரிதும் வீணாக்குவது இதுவே.

கிரியாட்டினின் மட்டும் போதாது

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியாட்டினின் அளவைப் பார்த்து ஆறுதல் கொள்வதோ அஞ்சுவதோ வழக்கம். மருந்தின் அளவை முடிவுசெய்ய உதவுவது, அதிலிருந்து வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படும் வடிகட்டும் திறன். அறிக்கைகளில் இது ஈ.ஜி.எஃப்.ஆர். என்று குறிக்கப்படும். கிரியாட்டினின் 1.4 என்று வைத்துக்கொள்வோம். 30 வயது ஆணுக்கு அது ஏறத்தாழ 70 என்ற வடிகட்டும் திறனைக் காட்டும். 70 வயதுப் பெண்மணிக்கோ 40 அளவில்தான் வரும். கிரியாட்டினின் ஒன்றே, ஆனால் இருவருக்கும் ஒரே அளவில் கொடுக்க இயலாத மருந்துகள் பல உண்டு. மூன்று மாதங்களுக்கு மேலாக இவ்வெண் 60க்குக் கீழ் இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரில் புரதம் அதே காலத்துக்குக் கசிந்துகொண்டிருந்தால், எண் 60க்கு மேல் இருப்பினும் நோய் இருப்பதாகவே கொள்ளவேண்டும்.

இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பல் மருத்துவரிடமும், எலும்பு மருத்துவரிடமும், மருந்துக்கடையிலும் கேளாமலே சொல்லவேண்டும். சிறுநீரக மருத்துவர் எழுதும் சீட்டில் பிழை நேர்வது அரிது. இவருக்குச் சிறுநீரக நோய் உண்டு என்பதை அறியாத இடத்தில் தரப்படும் மருந்தில்தான் இடர் மிகுதி.

வலி மாத்திரைகள்

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வலிநீக்கிகள். வலியை உண்டாக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளை இவை குறைக்கின்றன. அதே பொருள்தான் சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் நுழையும் நுண்குழாய்களை விரிவாக வைத்து, போதிய இரத்தம் செல்ல உதவுகிறது. நலமாக உள்ள இளைஞருக்கு இரண்டு நாள் அது குறைந்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. ஏற்கெனவே நலிந்த சிறுநீரகமோ அதை நம்பியே இயங்குகிறது. மாத்திரை விழுங்கியதும் குழாய் சுருங்குகிறது, வடிகட்டல் குறைகிறது, உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது.

இதில் மூன்று மருந்துகள் சேரும்போது நேர்வதைத் தனியே கவனிக்கவேண்டும். டெல்மிசார்டன், லோசார்டன், எனாலாப்ரில், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரை ஒன்று. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒன்று. இவற்றோடு வலி மாத்திரை. முதலிரண்டும் சேர்ந்தே பலருக்கு எழுதப்படுபவை, தேவையானவையும்கூட. மூன்றாவது சேர்ந்ததும் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் எல்லாப் பக்கமும் நெருக்கப்படுகிறது. பிரிட்டனில் இரத்த அழுத்த மருந்து உண்ணும் ஏறத்தாழ 4.87 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், இம்மூன்றும் சேர்ந்தபோது திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு 31 விழுக்காடு கூடுதலாக இருந்தது. முதல் 30 நாட்களில் மட்டும் அது 82 விழுக்காடு. “பத்து நாள்தானே சாப்பிடுகிறேன்” என்பதை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். இடர் அந்தப் பத்து நாட்களில்தான் மிகுதி.

நம் ஊர்களில் இது எப்படி நேர்கிறது என்பதையும் சொல்லவேண்டும். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் மருந்துக்கடையில் ‘ஒரு செட்’ என்று கேட்டால், நாலைந்து மாத்திரைகளைப் பிரித்து ஒரு காகித உறையில் போட்டுத் தருவார்கள். அவற்றில் எது எது என்று வாங்கியவருக்கும் தெரியாது, பின்னர் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. டைக்ளோஃபெனாக் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கப்படவேண்டிய மருந்து என்று சட்டம் சொல்கிறது, நடைமுறை வேறு. கூட்டு மாத்திரைகள் இன்னொரு குழப்பம். அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் வருகின்றன. “நான் பாராசிட்டமால்தான் போட்டேன்” என்று நோயாளர் சொல்வது உண்மையாகவும் இருக்கும், முழு உண்மையாகவும் இராது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள வேதிப் பெயர்களைப் பார்ப்பதே வழி. கண் தெரியாதவர்கள் மருந்தாளுநரைப் படித்துச் சொல்லக் கேட்கலாம். அது அவருடைய கடமை.

கொளுத்தும் வெயிலில் நாள் முழுதும் உழைப்பவர்களுக்கு எச்சரிக்கை இரட்டிப்பாகும். வியர்வையில் நீர் வற்றிய உடலுடன் மாலையில் போடும் ஒரு வலி மாத்திரை, நோயே இல்லாத சிறுநீரகத்தையும் சோதிக்கும்.

அப்படியானால் வலிக்கு என்ன செய்வது? பாராசிட்டமாலே முதல் தேர்வு. அளவை மருத்துவர் சொல்லவேண்டும். நீரில் கரைத்துக் குடிக்கும் நுரைமாத்திரை வடிவம் வேண்டாம். 500 மில்லிகிராம் நுரைமாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் உள்ளது. நாளுக்கு நான்கு என்றால் உப்பைக் குறைத்து உண்டதெல்லாம் வீண். வெந்நீர் ஒத்தடமும் தசைப் பயிற்சியும் பலருக்குப் பயன்தரும். இதயத்துக்காக மருத்துவர் எழுதிய 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் இந்த எச்சரிக்கையில் அடங்காது. அதை அஞ்சி நிறுத்தவேண்டாம்.

காக்கும் மருந்துகள்

மேலே சொன்ன டெல்மிசார்டன், எனாலாப்ரில் வகை மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு, சிறுநீரில் புரதம் கசிவதையும் குறைக்கின்றன. இவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறக்கூடும். வடிகட்டிக்குள் இருந்த மிகை அழுத்தம் தணிந்ததற்கான அடையாளம் அது. முதல் நான்கு வாரங்களில் 30 விழுக்காடு வரையிலான ஏற்றத்தை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டு மருந்தைத் தொடர்வார்கள். பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் வீட்டில் ஒப்பிட்டுப் பார்த்து, “இந்த மாத்திரைதான் கெடுத்தது” என்று தாமாகவே நிறுத்திவிடுவோர் இழப்பது, பல ஆண்டுகளுக்கான பாதுகாப்பை. தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பரிசோதித்து, அந்த அறிக்கையுடன் மருத்துவரைக் காண்பதே சரியான வழி.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரை நோய்க்காக வந்து, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளர் பலருக்கும் பயன்தருவதாக மெய்ப்பிக்கப்பட்டவை. எம்பாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்தது. 60 ரூபாய் அளவில் இருந்த மாத்திரை, சில நிறுவனங்களின் தயாரிப்பில் 10 ரூபாய்க்கும் கீழே வந்தது. விலை காரணமாக முன்பு மறுத்தவர்கள் மருத்துவரிடம் மீண்டும் கேட்கலாம். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும் என்பதால் தூய்மை தேவை. அறுவைக்கு முன்னரும், உணவு உண்ணவியலாத நாட்களிலும் இதை நிறுத்திவைக்கச் சொல்வார்கள்.

அளவு மாறவேண்டியவை

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனால் அது உடலில் தேங்கி இரத்தத்தில் அமிலம் சேரக்கூடும் என்பதால்தான் நிறுத்தப்படுகிறது. கிளிபென்கிளமைடும் இன்சுலினும் அவ்வாறே நீண்ட நேரம் தங்கும். சிறுநீரகம் நலியும்போது, ஒரு நாள் திடீரெனச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவது இதனால்தான். சர்க்கரை நோய் “தானாகவே குறைந்துவிட்டது” என்று மகிழும் முன் வடிகட்டும் திறனைப் பார்க்கவேண்டும். நரம்புவலிக்கான பிரீகபாலின், காபாபென்டின் ஆகியவை அளவு குறைக்கப்படாவிடில் முதியவர்களுக்கு உறக்கமும் தடுமாற்றமும் தரும். அதை மறதிநோய் என்று குடும்பத்தார் எண்ணிவிடுவதும் உண்டு. நுண்ணுயிர்க் கொல்லிகள் பலவும் அளவு மாற்றவேண்டியவை. ‘கேஸ் மாத்திரை’ என்று மாதக்கணக்கில் தொடரும் பான்டோபிரசோல் வகை இன்னும் தேவைதானா என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மக்னீசியமோ அலுமினியமோ கலந்த அமிலநீக்கி, மலமிளக்கி ஆகியவற்றைக் கேளாமல் உண்ணலாகாது.

சமையலறையும் மூலிகையும்

2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், சாதாரண உப்புக்கு மாற்றாகச் சோடியம் குறைந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டியது. இந்தப் பரிந்துரை சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் அதே ஆவணம் கூறுகிறது. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது பொட்டாசியம். நலிந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். மேலே கண்ட டெல்மிசார்டன் வகை மருந்துகளும் பொட்டாசியத்தை ஏற்றுபவை. ‘இதயத்துக்கு நல்லது’ என்று உறையில் எழுதியிருந்தாலும், சிறுநீரக நோயாளர் இருக்கும் வீட்டில் மருத்துவரைக் கேளாமல் இந்த உப்பு வேண்டாம்.

மூலிகை என்றால் தீங்கற்றது என்பதும் ஆராயவேண்டிய நம்பிக்கையே. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் விரைவாகச் செயலிழந்தது. அரிஸ்டலோக்கியா என்ற செடியினம் தவறுதலாக அதில் கலந்திருந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதே இனத்தைச் சேர்ந்தவைதாம் நம் நிலத்து ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும். (ஆடும் தின்னாது என்று பெயரிலேயே நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள்.) இவற்றிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவுகள் உண்டு. அங்குத் தகுதிபெற்ற மருத்துவரிடம் சிறுநீரக எண்ணைச் சொல்லி ஆலோசனை பெறலாம். பெயரும் உட்பொருளும் அச்சிடப்படாத பொடியையும் பற்பத்தையும் தவிர்க்கவேண்டும். முகப்பூச்சும் இதற்கு விலக்கன்று. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த நிறமூட்டும் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்களிடையே புரதம் கசியும் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டு, 2023இல் அது பேசுபொருளானது.

உடல்நலம் குன்றும் நாட்கள்

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுங்காய்ச்சல் வந்து நீர் அருந்த இயலாத நாளில், வழக்கமான மருந்துகளில் சில தற்காலிகமாகத் தீங்காகலாம்: இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கி, மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் வகை. எதை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனவே நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்திய மருந்தை மீண்டும் தொடங்க மறப்பதும் அடிக்கடி நேர்கிறது. பராமரிப்பவர் நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது. சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்குச் செல்லும்போதும் வடிகட்டும் திறனை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கணக்கு வேறு. சில மருந்துகள் சுத்திகரிப்பின்போது இரத்தத்திலிருந்து நீங்கிவிடும் என்பதால், அந்நாளில் முன்னா பின்னா எப்போது உண்பது என்பதைச் சிகிச்சைப் பிரிவிலேயே கேட்டறியவேண்டும்.

மருத்துவரைக் காணச் செல்லும்போது சீட்டு மட்டும் போதாது. சித்த மருந்து, சத்து மாத்திரை, கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். கூடுமானவரை ஒரே மருந்துக்கடையில் வாங்குங்கள். ஐயம் எழுந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம். சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, முகமும் காலும் திடீரென வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, நெஞ்சு படபடத்துக் கைகால் தளர்ந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். கடைசியாக உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் உடன் கொண்டு செல்லுங்கள்.