மைனஸ் வோல்ட்டேஜ் என்றால் இளப்பமா?

"மைனஸ் சப்ளைதானே... பிளஸ்ஸுக்குப் போட்டதையே திருப்பிப் போடு, வந்துடும்!"

எலக்ட்ரானிக்ஸ் புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்குச் சீனியர்கள் வழங்கும் அருள்வாக்கு இது. இணையத்தில் உலவும் பல சர்க்யூட் படங்களும் இதையேதான் வாய் திறக்காமல் சொல்கின்றன. பிளஸ் பக்கத்தை அழகாக வரைந்து, பின் எண்கள் போட்டு, விளக்கம் எழுதி, மைனஸ் பக்கம் வந்ததும் "அதே மாதிரி" என்று முடித்துவிடுவார்கள். பாகம் வெடிப்பதும் புகை வருவதும் அந்த "அதே மாதிரி"யில்தான்.

முதலில் ஒரு விஷயம். மைனஸ் 12 வோல்ட் என்பது ஏதோ குறைந்துபோன மின்சாரம் அல்ல. கிரெடிட் என்றாலே நஷ்டம் என்று நினைப்பவரைப் பார்த்து காமர்ஸ் வகுப்பே சிரிக்கும். இதுவும் அப்படித்தான். பூஜ்யம் என்று எந்த ஒயரை வைத்துக்கொண்டோம் என்பதுதான் கணக்கு. பிளஸ் 12-க்கும் மைனஸ் 12-க்கும் நடுவே இருப்பது முழுசாக 24 வோல்ட். ஒலி போன்ற சிக்னல்கள் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடுபவை. கீழே போக வழி இல்லாவிட்டால் 741 மாதிரியான ஓப்-ஆம்ப் பாதி அலையைக் கத்தரித்துவிடும். அதற்காகத்தான் இந்த மைனஸ்.

சரி, "அதே மாதிரி" எங்கே கவிழ்க்கிறது?

பிளஸ்ஸுக்கு 7812, மைனஸுக்கு 7912. இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். ஆனால் 7812-ல் கால்கள் வரிசையாக இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7912-ல் கிரவுண்ட், இன்புட், அவுட்புட்! முதல் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. பார்க்காமல் பொருத்தினால் சில்லுக்குள் தலைகீழ் மின்னழுத்தம் பாயும். அப்புறம் கை வைத்தால் சுடும், மூக்கு வைத்தால் நாறும்.

இதைவிட மோசம் முதுகில் இருக்கும் உலோகத் தகடு. 7812-ல் அது கிரவுண்ட். 7912-ல் அது இன்புட். அதாவது 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வரும் சுமார் மைனஸ் 16 வோல்ட் அந்தத் தகட்டிலேயே நிற்கிறது. இரண்டையும் ஒரே ஹீட்சிங்க்கில் நேராகத் திருகினால் மைனஸ் சப்ளை கிரவுண்டோடு ஷார்ட். நடுவே ஒரு மைகா துண்டும், திருகுக்கு ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டால் தீர்ந்தது. அதை எத்தனை படங்கள் காட்டுகின்றன?

அடுத்தது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். மைனஸ் பக்கத்தில் அதன் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பழக்க தோஷத்தில் மைனஸ் காலைக் கிரவுண்டில் வைத்தால் அது சூடாகி, உப்பி, வெடிக்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணுக்கு நேரே வெடிக்கும். இன்னொன்று, 7812 அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இல்லாமலும் சமாளித்துவிடும். 7912 சமாளிக்காது. அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இல்லையென்றால் ரெகுலேட்டரே அலைபாய ஆரம்பிக்கும்.

மூன்றாவது, யாரும் வரையாத இரண்டு டையோடுகள். சுவிட்ச் போட்டதும் இரண்டு சப்ளையும் கைகோத்துக்கொண்டு எழுவதில்லை. பிளஸ் முந்திக்கொண்டால், சர்க்யூட் வழியாக மைனஸ் லைனைப் பூஜ்யத்துக்கு மேலே இழுத்துவிடும். அந்த நிலையில் 7912 கிளம்பாமலே மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தலைகீழாக ஒரு 1என்4001 போதும். மைனஸ் பக்கத்தில் ஆனோடு அவுட்புட்டிலும் கேத்தோடு கிரவுண்டிலும் இருக்க வேண்டும். இரண்டு டையோடும் சேர்த்து ஒரு டீ விலை கூட வராது.

குறுக்கு வழிக்காரர்களுக்கு 7660 சில்லு பிடிக்கும். பிளஸ் 5 கொடுத்தால் மைனஸ் 5 தரும். ஒரு கெப்பாசிட்டரை நிரப்பி, தலைகீழாக்கி, இன்னொன்றில் கொட்டும் வேலை. நல்ல சில்லுதான், ஆனால் அது ரெகுலேட்டர் அல்ல! உள்ளே சுமார் 55 ஓம் தடை இருக்கிறது. 20 மில்லிஆம்பியர் இழுத்தாலே மைனஸ் 5 என்பது மைனஸ் 3.9-க்கு வந்துவிடும். அசல் 7660-க்கு 10 வோல்ட்தான் எல்லை. 12 வோல்ட் கொடுத்தால் சங்குதான்.

"இதெல்லாம் பெரிய விஷயமா?" என்பவர்கள் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1982-ல் பிரிட்டனில் சின்க்ளேர் வெளியிட்ட வீட்டுக் கணினி அது. அதன் 4116 நினைவகச் சில்லுகளுக்குப் பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5 என மூன்றும் வேண்டும். பிளஸ் 12 இருக்கும்போது மைனஸ் 5 காணாமல் போனால் சில்லுகள் செத்துவிடும். அந்த மைனஸ் 5-ஐ உண்டாக்கியதோ ஒரு காயிலும் ஓரிரு டிரான்சிஸ்டர்களும். மின்சாரம் ஓடும்போது பின்பக்கம் எதையாவது செருகினால் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் போகும், கூடவே மைனஸ் 5 போகும், பின்னாலேயே நினைவகமும் போகும். துளியூண்டு மின்சாரம் எடுக்கும் லைன்தான். அது இல்லாததால் மொத்தக் கணினியும் படுத்துவிட்டது.

"இந்தக் காலத்தில் எல்லாமே 3.3 வோல்ட், மைனஸ் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒற்றை சப்ளையிலேயே வேலை முடியுமென்றால் அதுவே உத்தமம். ஆனால் கையில் இருக்கும் அமோலெட் திரை போனுக்குள்ளும் ஒரு மைனஸ் சப்ளை ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சார கார்களின் சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்களை உறுதியாக அணைக்கவும் பல வடிவமைப்புகளில் மைனஸ்தான் தருகிறார்கள். அது ஒழியவில்லை, கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே சர்க்யூட் வரைந்து வெளியிடும் புண்ணியவான்களுக்கு ஒரு கோரிக்கை. 7912-ன் பின் படத்தைத் தனியாகப் போடுங்கள். தகடு எதோடு சேர்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். டையோடு இரண்டையும் வரையுங்கள். கூடுதலாக நாலு கோடுதான் ஆகும். அதை வரையாமல் "அதே மாதிரி" என்று எழுதுவது சோம்பேறித்தனம். அதற்கான விலையைக் கொடுப்பது எழுதியவர் அல்ல, நம்பிச் செய்த யாரோ ஒரு முதலாமாண்டு மாணவர்.

கொசுறு: இரண்டு 12 வோல்ட் அடாப்டர்களைத் தொடராகக் கோத்து, நடுப்புள்ளியைக் கிரவுண்ட் ஆக்கியும் மைனஸ் பெறலாம். ஆனால் இரண்டின் மைனஸ் ஒயரும் உள்ளுக்குள் எர்த்தோடு சேர்ந்திருந்தால் ஒன்று ஷார்ட் ஆகிவிடும். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மல்டிமீட்டரில் சோதித்துவிட்டுத் தொடுங்கள் :-)