வாவிக்கரையில் ஒரு வான்துறை

மட்டக்களப்பு நகரின் தென்மேற்கே, ஏறத்தாழ ஒன்றரை மைல் தொலைவில், திமிலைதீவை அடுத்து நீண்டு கிடக்கிறது ஓர் ஓடுபாதை. அருகே வாவி, வாவியில் தோணி, கரையிலே வலை உலர்த்தும் மீனவர். விமானத்திற்கும் வாவிக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவலாம். இரண்டையும் இணைப்பது காற்றே.

விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். இவ்வோடுபாதையின் முனைகளுக்கு 06, 24 என எண்கள் இட்டிருக்கின்றனர். வடக்கிலிருந்து 60 பாகையும் 240 பாகையும் என்பது அவற்றின் பொருள். அதாவது, பாதை கிடப்பது வடகிழக்கும் தென்மேற்குமாக. மாரியில் வீசும் வடகீழ்ப் பருவக்காற்றும், இடைமாதங்களில் வீசும் தென்மேற்குக் காற்றும் வரும் திசைகளன்றோ இவை! பாய் விரிக்கும் நம் தோணிக்காரர் பார்க்கும் காற்றையே விமானியும் பார்க்கிறார்.

இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்கு எயர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா விமானம் முதன்முதல் பறந்தது 1947 டிசம்பரில். 1958இல் மட்டுநகருக்கும் ஒரு விமானத்தளம் வாய்த்தது. 1983இல் விமானப்படை அதனைப் பொறுப்பேற்றது. போர் மூண்ட ஆண்டுகளில் வானில் இரைச்சல் கேட்டால், வந்திறங்குவது யார் என்று ஆவலோடு அண்ணாந்து பார்க்கும் நாள் போய், அஞ்சி ஒதுங்கும் நாள் வந்தது. போர் 2009இல் ஓய்ந்தபின், புதுப்பிக்கப்பெற்ற நிலையம் 2016 யூலையில் உள்நாட்டுப் பயணிகளுக்காகத் திறக்கப்பட்டது. பின்னர் ‘சர்வதேசம்’ என்னும் சொல்லும் அதன் பெயரோடு சேர்ந்தது.

பெயர் பெரிதாயிற்று, பயன் பெரிதாக வேண்டாமா? கொழும்புக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 220 கிலோமீட்டர்; தரைவழியோ 300க்கும் மேல். 1928இல் வந்த புகைவண்டி நமக்குப் பெரும் வரமே. எனினும், உயிருக்குப் போராடும் நோயாளி ஒருவரைத் தலைநகர் மருத்துவமனைக்கு அனுப்ப நேரும்போது, அந்த நீண்ட வழி எத்துணைக் கொடியது என்பதை உடன் சென்ற தாயே அறிவாள். சிறு விமானத்திற்கு அது ஒரு மணி நேர அளவான பயணம். கடல் கடந்து வாழும் பிள்ளைகள், முதிய பெற்றோரின் இறுதி வேளையில் வந்து சேர்வதும் இத்தகைய ஒரு மணி நேரத்தைப் பொறுத்ததாகலாம்.

ஆயினும், செல்வரும் உல்லாசப் பயணிகளும் மட்டும் ஏறத்தக்க கட்டணமாயின், ஊர்மக்களுக்கு அந்த ஓடுபாதை வேலிக்கு அப்பாற்பட்ட நிலமாகவே இருக்கும். கட்டடம் எழுப்புவது ஓராண்டு வேலை. குறித்த நேரத்தில், எளியவருக்கும் எட்டும் கட்டணத்தில், நோயாளிக்கு முதலிடம் தந்து ஒரு சேவையை நாளும் நடத்துவதே பெருவேலை. தோணித்துறை ஒன்று துறையாவது அங்கே தோணி வந்து போவதால்தான். வான்துறைக்கும் அதுவே விதி.

காற்று தன் கடமையைத் தவறாது செய்கிறது. எஞ்சியது மனிதர் கடமையே.