ராமேஸ்வரமும் தலைமன்னாரும் மீண்டும் இணைய வேண்டும்

சென்னை எழும்பூரில் ஒரே ஒரு டிக்கெட் வாங்கி, இரவு முழுவதும் ரயிலில் பிரயாணம் செய்து, தனுஷ்கோடித் துறையில் கப்பலேறி, தலைமன்னாரில் காத்திருக்கும் இலங்கை ரயிலில் அமர்ந்து, கொழும்புக் கோட்டை நிலையத்தில் போய் இறங்கும் வசதி நம் ஜனங்களுக்கு எழுபது ஆண்டுக் காலம் ஏதேனும் ஒரு வடிவில் இருந்துவந்தது. 'போட் மெயில்' என்று பெயர் பெற்ற வண்டி இன்றும் ராமேஸ்வரம் வரை போய்வருகிறது. அதற்கு அப்பாலுள்ள பிரயாணம் நின்றுபோய் நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதை மீண்டும் தொடங்கவேண்டும் என்பதும், அதற்காகக் கடலின்மேல் ஒரு மகத்தான பாலம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

ஆதியில் தென்னிந்திய ரயில்வே பிரயாணிகளைத் தூத்துக்குடியில் இறக்கிவிட, அங்கிருந்து அவர்கள் கப்பலில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கடற்பிரயாணத்தைச் சுருக்க வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, ஆதாம் பாலம் எனப்படும் மணல்திட்டுகளின் மீதே தண்டவாளம் போட்டு இரு கரைகளையும் சேர்த்துவிடலாமா என்றுகூட ஆராய்ந்து, செலவை உத்தேசித்து அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பாம்பன் கால்வாயின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட தூண்களை நிறுத்தி, சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி, கப்பல் போக நடுவில் திறந்து வழிவிடும் தூக்கு அமைப்பையும் பொருத்தி, 1914 பிப்ரவரி 24 அன்று திறந்துவைத்தார்கள். இலங்கை அரசாங்கம் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை பாதை போட்டதும் அதே ஆண்டில்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே எஞ்சிய கடல் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அதை இரண்டு மூன்று மணி நேரத்தில் கப்பல் கடந்துவிடும். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர்களை அந்தத் தலைமுறையினர் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர்.

இந்த வரலாற்றில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் இருந்தது மீட்டர் பாதை. இலங்கையில் இருந்தது அகலப் பாதை. ஆகவே ஒரு கரையின் வண்டி மறு கரையில் ஓடவே இயலாது. கடலைக் கடந்தவை மனிதரும் மூட்டைமுடிச்சும் சரக்கும் தபாலுமே ஆகும். அப்படியிருந்தும் அதை ஒரே மார்க்கமாக ஆக்கியது எது என்றால், ரயில் வந்து சேரும் வேளைக்குக் கப்பலும், கப்பல் கரையடையும் வேளைக்கு மறுபுறத்து ரயிலும் ஆயத்தமாக இருக்கும்படி வகுத்த கால அட்டவணையும், முழுத் தூரத்துக்கும் செல்லும் ஒரே டிக்கெட்டும், துறையிலேயே முடிந்துவிடும் சுங்கப் பரிசோதனையும்தாம். இரும்பையும் கல்லையும் காட்டிலும், இரண்டு நிர்வாகங்கள் மனமொத்துச் செய்துகொண்ட ஏற்பாடே அந்த ரயிலின் ஜீவன்.

அந்த மார்க்கத்தின் துயரத்தையும் நாம் மறைக்கலாகாது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிச் சென்ற ஏழைக் குடும்பங்கள் மண்டபம் முகாமில் அடைபட்டு, நோய்ப் பரிசோதனை முடிந்த பிறகே கப்பலேற்றப்பட்டன. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்மானமானபோது, அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் தாங்கள் பிறந்த மண்ணை விட்டு அதே கடல் வழியாகவே வந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டியை அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் கொண்டுபோயிற்று. ஆயினும் அத்தனை பெரிய நாசத்துக்குப் பிறகும் மார்க்கம் மடியவில்லை. ராமேஸ்வரத்திலிருந்தே 'ராமானுஜம்' என்ற கப்பல் தலைமன்னாருக்குப் போய்வந்தது. புயலால் நிறுத்த முடியாததை 1980-களில் மூண்ட இனப்போர் நிறுத்திவிட்டது.

போர் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இடைக்காலத்தில் நிகழ்ந்தவற்றைக் கவனித்தால், முன்னோர்களுக்குக் கிட்டாத சௌகரியம் நமக்கு வாய்த்திருப்பது புலனாகும். 2007-ல் ராமேஸ்வரம் பாதை அகலப் பாதையாயிற்று. போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதை இந்தியாவின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு, 2015 மார்ச் 14 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 முதல் உபயோகத்தில் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் விடப்பட்டது; ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலையும் தொடங்குவதென்று அதே ஆண்டு ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் கூட்டாக அறிவித்திருக்கிறார்கள். இருபுறமும் தண்டவாளம் ஒரே அளவில் கடற்கரை வரை வந்து நிற்க, நடுவிலுள்ள சிறு கடலுக்கு மட்டும் வழியில்லை என்பது பொறுக்கத்தக்கதன்று.

ரயிலே இல்லாத தேசூர் என்ற ஊரில் இருக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். திண்டிவனத்திலிருந்து ஆரணி வழியாக நகரிக்குப் போடுவதாகச் சொன்ன பாதைக்காக எங்கள் வட்டாரம் வெகுகாலமாகக் காத்திருக்கிறது. ஆகையால் பாதியில் நின்ற பாதை மக்களுக்கு என்ன நஷ்டம் செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும். அன்றியும் இது பட்டு நெய்யும் ஊர். குழித்தறியில் பல நாள் உழைத்து அறுத்தெடுக்கும் சேலை, அதை விரும்பி உடுப்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நெசவாளர் வீட்டில் அடுப்பெரியும். ஈழத் தமிழர் தம் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கத் தமிழகம் வருவது இன்றும் வழக்கமே; ஆனால் விமானக் கட்டணம் கொடுக்கவல்ல குடும்பங்களுக்கே அது சாத்தியம். ரயிலும் கப்பலும் இருந்தால் யாழ்ப்பாணத்து ஆசிரியரும் மலையகத்துத் தொழிலாளியும் வர முடியும். ராமேஸ்வரத்தைப் போலவே தேவாரத்தில் பாடப்பெற்ற திருக்கேதீஸ்வரமும், கத்தோலிக்கர் போற்றும் மடு மாதா ஆலயமும் தலைமன்னார்ப் பாதைக்கு அருகில் இருப்பதால், யாத்திரிகருக்கும் அது உபகாரமாகும்.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. கடத்தல் பெருகும் என்பது ஒன்று. பெயர் பதிந்து, பாஸ்போர்ட் காட்டி, பகிரங்கமாகச் செல்லும் வழியைவிடக் கள்ளத்தோணிக்கே கண்காணிப்பு அதிகம் வேண்டும். மலேசியா–தாய்லாந்து எல்லையில் பாடாங் பெசார் ரயில் நிலையத்தில் இரு நாட்டுக் குடிவரவு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருந்து காரியத்தை முடித்தனுப்புகிறார்கள். அந்த முறையை ராமேஸ்வரத்தில் கைக்கொள்ளத் தடையில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளுக்கும் மீனவர் வலைகளுக்கும் சேதம் வரும் என்பது இரண்டாவது ஆட்சேபம், அது நியாயமானது. அதனாலேயே தனுஷ்கோடிக்குப் புதிதாகத் தண்டவாளம் போடுவதையும் ஆதாம் பாலத்தின்மேல் தூண்கள் நாட்டுவதையும் நான் வற்புறுத்தவில்லை. பழைய 'ராமானுஜம்' போன வழியே ஒரு கப்பல் போனால் இப்போதைக்குப் போதுமானது. அதன் நேரத்தையும் தடத்தையும் இரு கரை மீனவர் சங்கங்களையும் கலந்தே நிர்ணயிக்க வேண்டும்.

அரசாங்கங்கள் செய்யவேண்டியது இவ்வளவே: ராமேஸ்வரத்திலும் தலைமன்னாரிலும் கப்பல்துறைகளைச் செப்பனிட்டு, கப்பலின் நேரத்தை இருபுறத்து ரயில்களின் நேரத்தோடு பொருத்தி, சென்னையிலிருந்து கொழும்பு வரை சாமானியருக்குக் கட்டுப்படியாகும் ஒரே டிக்கெட்டை வழங்க வேண்டும். 1914-ல், வேறுபட்ட பாதைகளை வைத்துக்கொண்டு அந்நிய ஆட்சியாளர் தம் வர்த்தக லாபத்துக்காகச் செய்த காரியத்தை, ஒரே அளவுள்ள பாதைகளைப் பெற்றிருக்கும் இரண்டு சுதந்திர நாடுகள் தம் சொந்தப் பிரஜைகளின் நன்மைக்காகச் செய்வது கடமையாகும்; அதை இனியும் தாமதிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.