தானே செய்த விமானமும் தகுதிப் பத்திரமும்

ஒருவன் தன் கையால் ஒரு தோணியைச் செய்து குளத்தில் விடுவானாயின், அது மூழ்கினும் நீந்திக் கரை சேரலாம். தன் கையால் ஒரு விமானத்தைச் செய்து வானில் ஏறுவானுக்கோ அத்தகைய இரண்டாம் வாய்ப்பு அரிது. ஆகலின், வீட்டுக் கொட்டகையில் உருவான சுழலிறகு விமானத்திற்கு அரசாங்கத்தார் பறப்புத் தகுதிப் பத்திரம் அளிக்குங்கால் எதனைச் சோதித்து அளித்தல் முறை என்னும் வினா, பொழுதுபோக்காளர் சிலரை மாத்திரம் பற்றியதன்று. பரீட்சை எழுதிப் பத்திரம் பெறும் நம்மனைவரும் சிந்திக்கற்பாலது.

சுழலிறகு விமானம் ஹெலிகாப்டரின் வேறானது. ஹெலிகாப்டரில் மேலுள்ள இறகுகளை எஞ்சின் சுழற்றும். இதிலோ, எஞ்சின் புரொப்பெல்லரை இயக்கி விமானத்தை முன்னே செலுத்த, எதிர்வரும் காற்று கீழிருந்து மேலாகப் பாய்ந்து இறகுகளைச் சுழற்றும். ஸ்பெயின் தேசத்து ஹுவான் தெ லா சியெர்வா என்பார், தாம் அமைத்த பெரிய விமானமொன்று 1919-இல் வேகங் குன்றி வீழக் கண்டு, வேகங் குறையினும் வீழாத விமானத்தை நாடியுழைத்து, 1923-இல் இதனைப் பறக்கவிட்டார்; 1928-இல் இங்கிலீஷ் கால்வாயையும் இதிலேறிக் கடந்தார். பின்னர் அமெரிக்காவில் இகோர் பென்சன் என்பார், 1950-களில், எவரும் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய வடிவமொன்றை அமைத்து அதன் வரைபடங்களை விற்றார். செல்வர்க்கே உரியதாயிருந்த வான்வழி சாமானியருக்கும் திறந்தது.

இத்தகைய விமானத்திற்கு அமெரிக்கச் சட்டம் வகுத்துள்ள வழி பெரிதும் தாராளமானது. வேலையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் கல்வியின் பொருட்டோ பொழுதுபோக்கின் பொருட்டோ தொழில்முறையாளரல்லாதார் செய்திருத்தல் வேண்டும். அதற்குச் சான்றாகக் குறிப்புகளும் புகைப்படங்களும் வைத்திருத்தல் வேண்டும். பரிசோதகர் வந்து விமானத்தையும் ஏடுகளையும் பார்வையிட்டுப் 'பரிசோதனை' வகுப்பில் பத்திரம் அளிப்பார். அதன்பின், ஜனநெருக்கமில்லாத குறித்த எல்லைக்குள், பெரும்பாலும் 40 மணி நேரம் வரை, பிரயாணி எவரையும் ஏற்றாமல் பறந்து சோதித்தல் வேண்டும். செய்தவனே விண்ணப்பித்து, ஆண்டுதோறும் தன் விமானத்தைத் தானே சோதிக்கும் உரிமையையும் பெறலாம்.

உழைப்பவனை நம்பும் இச்சட்டத்தை யான் மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் இதில் ஒரு குறை உண்டு. 'செய்தவன் யார்?' என்று வற்புறுத்திக் கேட்கும் சட்டம், 'அமைப்பு சரியானதா?' என்று அத்துணை வற்புறுத்திக் கேட்பதில்லை. இக்குறை அற்பமானதன்று. பல சுழலிறகு விமானங்களில் புரொப்பெல்லர் பின்னால் அமைந்து தள்ளுகின்றது. அது தள்ளும் கோடு விமானத்தின் ஈர்ப்பு மையத்திற்கு மிக உயரே அமைந்துவிடின், அதன் தள்ளுதல் மூக்கைக் கீழே கவிழ்க்க முயலும். இறகுகள் பாரத்தைத் தாங்கி நிற்கும்வரை அபாயம் வெளிப்படாது. காற்றின் வீச்சாலோ ஓட்டுபவனது அவசரத்தாலோ ஒரு கணம் இறகுகளின் மேலுள்ள பாரம் நீங்குமாயின், விமானம் குப்புறக் கவிழும்; காற்று மேனோக்கிப் பாயாமையால் இறகுகளும் வேகமிழக்கும். மீள்வதற்கு வழியில்லை. இணைப்புகள் யாவும் உறுதியாயிருப்பினும், ஏடுகள் யாவும் ஒழுங்காயிருப்பினும், இவ்விபத்து நேரலாம் என்பதே கருதத்தக்கது.

பிரிட்டனில் வேறு முறை கையாளப்படுகின்றது. அங்கே வேலைப்பாட்டைப் படிப்படியாகப் பார்வையிடுவதுடன், அமைப்பும் இவ்வகை விமானத்திற்கென வகுத்த விதிகளுக்கு இயைந்ததென்று காட்டல் வேண்டும். கிளாஸ்கோ சர்வகலாசாலையார் நிகழ்த்திய ஆராய்ச்சி, மேற்கூறிய கோடும் மையமும் எத்துணை நெருங்கியிருக்கின்றன என்பதே நிலைபேற்றிற்கு முதன்மையானதென்று காட்டிற்று. அவற்றின் இடைவெளி 2 அங்குலத்திற்கு மேற்படலாகாது என்னும் வரம்பும் ஏற்பட்டது.

இவ்வளவு கண்டிப்பு புதியது புனைவாரின் ஊக்கத்தைக் கெடுக்கும் என்பர் சிலர். அதில் உண்மையில்லாமலில்லை. செலவும் காலமும் மிகுதியாகும். ஏழைத் தொழிலாளி மனந்தளர்வான். சியெர்வாவே முதலில் விதிநூலைப் பார்த்துத் தொடங்கியவரல்லர். ஆயினும், அவர் காலத்தில் அறியப்படாதிருந்த அபாயத்திற்கும், இன்று ஆராய்ந்து அளந்து அறியப்பட்ட அபாயத்திற்கும் பேதம் உண்டன்றோ? அறியாதது நேரின் விதி எனலாம். அறிந்ததை அளவாது விடுதல் அசட்டையே.

அளத்தற்கோ பெருஞ்செலவில்லை. விமானத்தை ஒரு வலிய உத்தரத்தில் இருவேறு புள்ளிகளைப் பற்றி மாறிமாறித் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் தூக்குநூற்கோட்டைக் குறித்தால், அக்கோடுகள் கூடுமிடத்தில் ஈர்ப்பு மையம் புலப்படும். நம் பௌதிக சாலையில் ஒழுங்கற்ற தகட்டைக் கொண்டு முதல் வகுப்பு மாணாக்கர் செய்யும் சோதனையே இது. ஓட்டுபவனையும் இருக்கையில் அமர்த்தி இங்ஙனம் அளந்த கணக்கை, உழைப்பின் சான்றுகளோடு சேர்த்துக் காட்டுமாறு எத்தேசத்துச் சட்டமும் கேட்டல் தகும் என்பது என் துணிபு. சட்டம் கேளாதாயினும் செய்தவன் தானே அளந்து கொள்ளல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! பரிசோதகர் கேட்ட வினாக்களுக்கு விடையிறுத்தலால் பத்திரம் கிடைக்கும். அவர் கேளாது விட்ட வினாவையும் தன்னைத் தானே கேட்டுக்கொள்பவனுக்கே தகுதி கிடைக்கும். வானில் ஏறியபின் வினவுவது புவியீர்ப்பு ஒன்றே. அதற்கு எப்பத்திரத்தையும் படித்துப் பார்க்கும் வழக்கமில்லை.