உடல்நலப் பக்கம்: தறிக்குழியும் மூட்டுகளும்

தனுவச்சபுரத்தில் ரயிலேறி நெய்யாற்றின்கரையைக் கடந்தால் பலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராம வர்மரின் காலத்தில், தெற்கேயுள்ள தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. நம்மைப் போலவே வந்து குடியேறியவர்கள். நம்மில் பலருக்கு மிக மூத்தவர்கள். அவர்தம் குழித்தறியருகே சிறிது நேரம் நின்று நோக்குவோமாயின், உடற்கூற்று நூல் பல பக்கங்களில் விளக்கும் செய்தி கண்முன்னே நடப்பதைக் காணலாம்.

நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, உள்ளேயிருக்கும் மிதிகளை மாறி மாறி மிதிக்கிறார். கணுக்காலும் முழங்காலும் கதவுக்கீல் போல ஒரு திசையில் மடங்கி நிமிர்வன. ஆதலின் கீல் மூட்டுகள் என்பர். முழங்கால் முற்றிலும் கீலன்று. மடங்கிய நிலையில் சிறிது திருகவும் வல்லது. நாடாவை எறியுங்கால் முன்கை புரள்கிறது. முன்கையில் எலும்புகள் இரண்டு. அவற்றுள் கட்டைவிரற் பக்கத்து எலும்பின் தலை, முழங்கையருகே ஒரு நார் வளையத்துக்குள் சுழல்கின்றது. இது முளை மூட்டு. (இவ்வளையத்தை நேயர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டும்.) அறுந்த இழையை முடியும் கட்டைவிரலின் அடியில் குதிரைச் சேணம் போன்ற மூட்டு உள்ளது. அஃது இல்லையேல் கட்டைவிரல் மற்ற விரல்களின் எதிரே வளைந்து வாராது, முடிச்சும் விழாது. தோளும் இடுப்பும் கிண்ணத்தில் பந்து பொருந்தினாற் போன்றவை. இடுப்பின் கிண்ணம் ஆழமானது. தோளின் கிண்ணமோ ஆழமற்றது. அதனாலேயே கை எப்பக்கமும் சுழல்கிறது. அதனாலேயே தோள் எளிதில் நழுவியும் விடுகிறது.

கழுத்தின் செய்தி வேடிக்கையானது. “ஆம்” என்று தலையசைப்பது பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் இடையில்; “இல்லை” என்று திருப்புவது பெரும்பாலும் முதலாம் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் இடையில். ஆமென்றும் இல்லையென்றும் தெரியாதபடி நாம் இருபுறமும் தலையை ஆட்டுகிறோமே, அதற்குக் கீழுள்ள கழுத்தெலும்புகளின் துணை வேண்டும்!

எலும்பு முனைகளைப் போர்த்திய குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுப் பையில் ஊறும் வழுவழுப்பான நீரே அதற்கு ஊட்டம் தருவது. மூட்டு அசைந்தால்தான் அந்நீர் நன்கு உட்புகும். தறியில் கணுக்கால் ஓயாது இயங்க, இடுப்போ மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கிறது. தையற்பொறி முன்னும் அலுவலக நாற்காலியிலும் அமர்வோர் கதையும் இதுவே. இடையிடையே எழுந்து நான்கு அடி நடப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

இனி அந்த நார் வளையம். நான்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது இளக்கமாயிருக்கும். ஊருக்குப் புறப்படும் அவசரத்தில், ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக, ரயிலின் உயர்ந்த படியில் பிள்ளையை ஒற்றைக் கையால் தூக்கி ஏற்றாத தாய்தந்தையர் நம்முள் எத்தனை பேர்? அந்த ஓர் இழுப்பில் எலும்பின் தலை வளையத்தினின்று சற்றே நழுவிவிடுவதுண்டு. குழந்தை வீறிட்டு அழும்; பிறகு கையைச் சிறிது மடக்கி உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மிட்டாய் நீட்டினாலும் அக்கையால் வாங்க மறுக்கும். வீக்கம் பெரும்பாலும் இராது. ஆகவே “பிடிவாதம்” என்று பெரியோர் அதட்டுகின்றனர்; அல்லது எண்ணெய் தடவி உருவுகின்றனர்.

இரண்டும் வேண்டா. நம் வட்டாரத்தில் வர்ம ஆசான்மார் மீதுள்ள மதிப்பு நாம் அறிந்ததே. ஆயினும் குழந்தை விழுந்திருந்தாலோ, வீக்கமோ கன்றிய நிறமோ தென்பட்டாலோ, எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே பாராமுன் எவரும் அக்கையைத் திருப்பலாகாது. வெறும் நழுவலாயின், பயின்ற மருத்துவர் முன்கையை ஒரு முறை திருப்பி மடக்குவார். மெல்லிய ‘டிக்’ ஓசை கேட்கும். பெரும்பாலான குழந்தைகள் சிறிது நேரத்துக்குள் அதே கையால் மிட்டாயை வாங்கிவிடும். ஒருமுறை நழுவிய கை மீண்டும் நழுவக்கூடும். இனிமேல் படியேற்றுகையில் இரு கைகளையும் குழந்தையின் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்குக. பையை முதலில் வண்டிக்குள் எறிந்துவிடலாம்.